வாசலைத் தாண்டிய பின்: நோயுற்ற குழந்தைகளின் மருத்துவமனைச் சிகிச்சை குறித்த ஆய்வுகள்

2015-16இல் நடத்தப்பட்ட நான்காவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 50 பேர் ஐந்து வயது நிறைவதற்குள் இறந்தனர். இந்தச் சராசரிக்குள் சாதி ஒளிந்திருக்கிறது. பட்டியல் சாதியினரிடையே இந்த எண்ணிக்கை 56, பழங்குடியினரிடையே 57, பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் ஆகிய பிரிவுகளில் சேராதவர்களிடையே 39க்கும் குறைவு. வறுமை, ஊட்டச்சத்துக் குறைபாடு, தூய்மையற்ற குடிநீர், மருத்துவமனைக்குத் தாமதமாக வருதல் ஆகியவை இந்த இடைவெளிக்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. அவை உண்மையே. ஆயினும் அவை அனைத்தும் மருத்துவமனை வாசலுக்கு வெளியே நிகழ்பவை. வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட குழந்தைக்கு என்ன நேர்கிறது என்ற கேள்வி அரிதாகவே எழுப்பப்படுகிறது.

கடந்த கால் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பசிபிக் தீவுகளிலும் நடந்த ஆய்வுகள் இக்கேள்விக்கு விடை தேடியுள்ளன. மருத்துவர்கள் குறைவான, கருவிகளும் மருந்துகளும் போதாத மருத்துவமனைகளே அவற்றின் களம். ஏழைக் குழந்தைகளின் மரணத்தை விதியென்றோ பெற்றோரின் அறியாமையென்றோ ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு அவை சான்று தருகின்றன. அரசு மருத்துவமனையைத் தவிர வேறு புகலிடம் இல்லாத மக்களின் உரிமைக்காகப் போராடுவோர் அவற்றை அறிந்திருப்பது அவசியம்.

கவனிப்பின் தரம்

2001இல் 'லான்செட்' இதழில் வெளிவந்த ஆய்வொன்று, வங்கதேசம், எத்தியோப்பியா, உகாண்டா உள்ளிட்ட ஏழு நாடுகளின் 21 மருத்துவமனைகளைப் பரிசோதித்தது. அவற்றுள் 14இல், வந்து சேரும் குழந்தைகளில் யாருக்கு உடனடிச் சிகிச்சை தேவை எனப் பிரித்தறியும் முறையான ஏற்பாடு இல்லை. உள்நோயாளிகளாகச் சேர்க்கப்பட்ட குழந்தைகளில் 76 விழுக்காட்டினரின் சிகிச்சையில் ஏதேனும் ஒரு குறை காணப்பட்டது: தாமதம், தவறான மதிப்பீடு, மருந்துப் பற்றாக்குறை, கண்காணிப்பின்மை. அவசர மருந்தைக்கூட வெளியே வாங்கி வந்தால்தான் கொடுக்க முடியும் என்று குடும்பங்களிடம் சொல்வது வழக்கமாக இருந்தது. கையில் பணமில்லாத தாய்க்கு இதன் பொருள் என்னவென்று விளக்கத் தேவையில்லை.

வரிசையை மாற்றிய பிளான்டைர்

மருத்துவமனைக்கு வந்து சேரும் குழந்தைகளின் இறப்புகளில் பெரும்பங்கு முதல் 24 மணி நேரத்துக்குள் நிகழ்கிறது. ஆகவே, வரிசையில் யார் முதலில் பார்க்கப்படுகிறார் என்பது நிர்வாகச் சிக்கல் மட்டுமன்று, உயிர்ச் சிக்கல். மலாவி நாட்டின் பிளான்டைர் நகரிலுள்ள குயின் எலிசபெத் மத்திய மருத்துவமனையில், குழந்தை மருத்துவர் எலிசபெத் மாலினோவும் அவரது குழுவினரும் இந்த வரிசையை மாற்றியமைத்தனர். மூச்சுத் தடை, அதிர்ச்சி நிலை, வலிப்பு, நினைவிழப்பு, கடும் நீரிழப்பு ஆகிய அறிகுறிகள் தெரியும் குழந்தை, வரிசையில் எங்கிருந்தாலும் உடனே உள்ளே அழைக்கப்பட்டது. புறநோயாளிப் பிரிவு திருத்தியமைக்கப்பட்டது. பணியாளர்கள் இவ்வறிகுறிகளைக் கண்டறியப் பயிற்சி பெற்றனர். முன்பு 10 முதல் 18 விழுக்காடு வரை இருந்த உள்நோயாளிக் குழந்தைகளின் இறப்பு, 6 முதல் 8 விழுக்காடாகக் குறைந்தது என 2006இல் வெளியான அவர்களது கட்டுரை பதிவு செய்கிறது.

இதில் சமூக நீதியின் கூறு ஒன்று உண்டு. விதி இல்லாத இடத்தில், முதலில் கவனிக்கப்படுபவர் யார் என்பதைச் செல்வாக்கும் பரிந்துரையும் உடையும் பேச்சும் தீர்மானிக்கின்றன. நம் நாட்டில் சாதியும் தீர்மானிக்கிறது. உடலின் அறிகுறியே வரிசையைத் தீர்மானிக்கும் என்ற எழுதப்பட்ட விதி, அந்த அதிகாரத்தைத் தனிமனிதரின் கையிலிருந்து எடுத்துவிடுகிறது. அவ்விதி மீறப்பட்டால் சுட்டிக்காட்டவும் முடிகிறது.

கென்யா: கையேடு மட்டும் போதுமா?

கென்ய மருத்துவ ஆய்வு நிறுவனமும் வெல்கம் அறக்கட்டளையும் இணைந்து நடத்தும் ஆய்வுத் திட்டத்தில், மைக் இங்கிலிஷ் தலைமையிலான குழு எட்டு கிராமப்புற மாவட்ட மருத்துவமனைகளில் ஓர் ஒப்பீட்டைச் செய்தது. நான்கு மருத்துவமனைகளுக்குச் சிகிச்சைக் கையேடும், ஒன்றரை நாள் விரிவுரையும், எழுத்து வடிவிலான மதிப்பீடும் மட்டும் கிடைத்தன. மற்ற நான்குக்குக் கையேட்டுடன் ஐந்தரை நாள் செயல்முறைப் பயிற்சியும், மருத்துவமனைக்குள்ளேயே இருந்து உதவும் ஒருங்கிணைப்பாளரும், தொடர் மேற்பார்வையும், நேரடிக் கலந்துரையாடலும் தரப்பட்டன. 18 மாதங்களுக்குப் பின், குழந்தையைச் சோதிக்கையில் செய்ய வேண்டிய பணிகளில் 94 விழுக்காடு இரண்டாம் வகை மருத்துவமனைகளில் நிறைவேற்றப்பட்டன. முதல் வகையில் 65 விழுக்காடு மட்டுமே. மலேரியாவுக்கான குயினைன் மருந்து ஆபத்தான மிகை அளவில் எழுதப்படுவது முதல் வகையில் 7.5 விழுக்காடாக இருக்க, இரண்டாம் வகையில் 1 விழுக்காடாக இருந்தது.

சுற்றறிக்கை அனுப்பியதோடு கடமை முடிந்ததாகக் கருதும் எந்த அரசுக்கும் இந்த ஆய்வு பதில் சொல்கிறது. பணியாளருடன் தொடர்ந்து நின்று உதவுவதற்கும் செலவிட வேண்டும்.

ஆக்சிஜன் என்னும் மருந்து

நிமோனியா கண்ட குழந்தையின் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதை வெறுங்கண்ணால் உறுதியாகக் கண்டறிய இயலாது. பாப்புவா நியூ கினியில் ட்ரெவர் டியூக்கும் உள்நாட்டு மருத்துவர்களும் ஐந்து மருத்துவமனைகளுக்குப் பல்ஸ் ஆக்சிமீட்டர்களையும், காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர்களையும் வழங்கினர். அவற்றை இயக்கவும் பழுது பார்க்கவும் பயிற்சி அளித்தனர். நிமோனியாவால் சேர்க்கப்பட்ட குழந்தைகளிடையே இறப்பு 4.97 விழுக்காட்டிலிருந்து 3.22 விழுக்காடாக வீழ்ந்ததை 2008இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 2017 ஆகஸ்டில், உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூரில் உள்ள பி.ஆர்.டி. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில நாட்களுக்குள் 60க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். வழங்குநருக்குச் செலுத்த வேண்டிய தொகை நிலுவையில் இருந்த நிலையில் ஆக்சிஜன் வழங்கல் தடைபட்டிருந்தது. ஆக்சிஜன் பற்றாக்குறையே இறப்புகளுக்குக் காரணம் என்பதை மாநில அரசு மறுத்தது. அம்மறுப்பை ஒருபுறம் வைத்தாலும், குழந்தைகள் பிரிவின் ஆக்சிஜன் ஒரு கோப்பின் ஒப்புதலுக்காகக் காத்திருந்தது என்பதே தனியாக விசாரிக்கப்பட வேண்டிய செய்தி.

இரவல் மருத்துவத்தின் ஆபத்து

பணக்கார நாடுகளின் சிகிச்சை முறையை அப்படியே எடுத்து வருவதுதான் சமத்துவம் என்ற எண்ணத்தையும் ஆய்வுகள் அசைத்துள்ளன. கடும் காய்ச்சலுடன் இரத்த ஓட்டம் தளர்ந்து வரும் குழந்தைக்கு விரைவாகப் பெருமளவு திரவத்தை டிரிப்ஸ் வழியாக ஏற்றுவது உலகெங்கும் பரிந்துரைக்கப்பட்ட முறை. கேத்ரின் மெயிட்லாண்ட் தலைமையில் கென்யா, உகாண்டா, தான்சானியா நாடுகளில் 3,141 குழந்தைகளிடையே நடந்த 'ஃபீஸ்ட்' ஆய்வு இதைச் சோதித்தது. விரைவுத் திரவம் பெற்ற குழந்தைகளில் ஏறத்தாழ 10.5 விழுக்காட்டினர் 48 மணி நேரத்துக்குள் இறந்தனர், பெறாதவர்களில் 7.3 விழுக்காட்டினர். தீங்கு தெளிவானதும் 2011இல் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. வயிற்றுப்போக்கால் நீரிழந்த குழந்தைகள் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்குத் திரவம் உயிர்காப்பதே என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

மலிவான கருவியும் தானாக உயிர் காப்பதில்லை. டாக்காவிலுள்ள பன்னாட்டு வயிற்றுப்போக்கு நோய் ஆய்வு மையத்தில் முகமது ஜோபாயர் சிஷ்டி, குழந்தை வெளிவிடும் மூச்சின் குழாயை நீருக்குள் அமிழ்த்தி நுரையீரலைத் திறந்து வைக்கும் 'பபிள் சிபேப்' முறையை எளிய பொருட்களால் அமைத்தார். 2015இல் வெளியான அவரது ஆய்வில், அம்முறையில் 4 விழுக்காட்டினரும் வழக்கமான ஆக்சிஜன் பெற்றவர்களில் 15 விழுக்காட்டினரும் இறந்தனர். மலாவியின் ஒரு மாவட்ட மருத்துவமனையில், தீவிர நிமோனியாவுடன் கூடுதல் ஆபத்துகளும் கொண்ட குழந்தைகளிடையே இதே முறை சோதிக்கப்பட்டபோது விளைவு தலைகீழானது: அம்முறையில் 17 விழுக்காடு, வழக்கமான ஆக்சிஜனில் 11 விழுக்காடு. டாக்காவில் அனுபவமிக்க மருத்துவர்கள் அருகிலிருந்து கண்காணித்தனர். மலாவியில் மருத்துவர் அல்லாத பணியாளர்களே அன்றாடச் சிகிச்சையைக் கவனித்தனர். நோயாளிகளும் ஒரே தன்மையினர் அல்லர். எனவே கருவியை மட்டும் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திறப்பு விழா நடத்துவது சிகிச்சை ஆகாது.

தொடுதல்

2021இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடந்தது. எடை குறைந்து பிறந்த குழந்தையை, உடல்நிலை சீராகும்வரை காத்திராமல், பிறந்த உடனேயே தாயின் மார்போடு தோல்மேல் தோலாக அணைத்து வைத்தால் 28 நாட்களுக்குள் நேரும் இறப்பு 15.7இலிருந்து 12 விழுக்காடாகக் குறைந்தது. இதற்காகத் தாய்க்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே படுக்கை தரப்பட்டது. தாயைக் கதவுக்கு வெளியே நிறுத்தும் பழக்கத்துக்கு மருத்துவ நியாயம் இல்லை என்பதை இது உணர்த்துகிறது.

மனிதத் தொடுதல் உயிர்காக்கும் நாட்டில் தீண்டாமையும் இருக்கிறது. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் 200 தலித் சிறுவர்களிடம் சங்கமித்ரா ஆச்சார்யா நடத்திய ஆய்வு 2010இல் வெளியானது. மருந்து பெற்ற தருணங்களில் பத்துக்கு ஒன்பது முறை அவர்கள் பாகுபாட்டைச் சந்தித்திருந்தனர். தொடாமல் சோதிப்பதும் தொடாமல் மருந்து தருவதும் அப்பாகுபாட்டின் வடிவங்கள். நாடித் துடிப்பைப் பார்க்காமல், தோலைக் கிள்ளி நீரிழப்பை அறியாமல், மார்பைத் தொட்டு மூச்சைக் கணிக்காமல் மேற்சொன்ன எந்த நெறிமுறையையும் பின்பற்ற இயலாது. தீண்டாமை அவமதிப்பு மட்டுமன்று. அது தவறான மருத்துவமும் ஆகும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

இந்த ஆய்வுகளிலிருந்து நம் மாவட்ட மருத்துவமனைகளிடம் கேட்கத் தக்க கேள்விகள் பிறக்கின்றன. அவசர அறிகுறி கொண்ட குழந்தையைப் பிரித்தறியப் பயிற்சி பெற்றவர் இரவிலும் இருக்கிறாரா? ஒரு செவிலியரின் பொறுப்பில் எத்தனை குழந்தைகள்? பல்ஸ் ஆக்சிமீட்டர் இயங்குகிறதா? ஆக்சிஜனுக்கான நிலுவைத் தொகை எவ்வளவு? அவசர மருந்தை வெளியே வாங்கி வரச் சொல்கிறார்களா? சேர்க்கப்பட்ட முதல் நாளில் இறந்த குழந்தைகள் எத்தனை பேர்? அவர்களின் சாதிவாரிக் கணக்கு எங்கே? இவற்றுள் ஆவணங்களில் இருக்க வேண்டியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ்க் கேட்டுப் பெறலாம்.

ஆவணம் இல்லை என்ற பதில் வந்தால், அதையும் பதிவு செய்ய வேண்டும். எண்ணப்படாத மரணத்துக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை; எண்ணும்படி செய்வதே முதல் கோரிக்கையாக இருக்கட்டும்.