சுட்டிக்கும் ஒரு விலாசம் வேண்டும்

அகமதாபாத்துக்கு மாற்றலாகி வந்து பதினோரு வருஷம் ஆகிறது. மணிநகரில் எங்கள் எதிர் பிளாக்கில் ஒரு திருநெல்வேலி அண்ணாச்சி இருக்கிறார். மில் வேலைக்கு வந்தவர். மில்லை மூடிய பிறகும் ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டார். 2022-ல் ஒரு நாள் காலையில் போனும் கையுமாக என் வாசலில் வந்து நின்றார். "உங்கள் கணக்கு இன்று முடக்கப்படும், கேஒய்சி புதுப்பிக்கவும்" என்று முந்தின நாள் ஒரு எஸ்எம்எஸ் வந்திருக்கிறது. கீழே ஒரு குட்டிச் சுட்டி. தட்டினார். வங்கியின் பக்கம் மாதிரியே ஒன்று திறந்தது. பாஸ்வேர்டு போட்டார், ஓடிபி போட்டார். 48,000 ரூபாய் போய்விட்டது.

கவுண்ட்டரில் தினமும் சொல்கிற வசனத்தையே நானும் சொன்னேன். "தெரியாத லிங்க்கைத் தட்டலாமா அண்ணாச்சி?"

அவர் கோபப்படவில்லை. போனில் பழைய எஸ்எம்எஸ் ஒன்றைத் தேடி எடுத்துக் காட்டினார். அவர் கணக்கு வைத்திருக்கும் வங்கியே (பெயர் வேண்டாம்) முந்தின மாதம் அனுப்பிய கடன் விளம்பரம். அதன் கீழேயும் ஒரு குட்டிச் சுட்டி. எங்கேயோ இலவசமாகக் கிடைக்கும் சுருக்கி, அதற்குப் பின்னால் ஏழு எழுத்துக் குப்பை.

"தம்பி, இது உங்க ஆளுங்க அனுப்பினதுதான? இதுலயும் பேங்க் பேரு இல்ல, அதுலயும் இல்ல. இது நெசம், அது பொய்யின்னு நான் எப்படிப்பா கண்டுபிடிக்க?"

என்னிடம் பதில் இல்லை. 1930-க்குப் போன் செய்து புகார் கொடுத்தோம். முடக்க முடிந்தது 9,000 ரூபாய்தான். மீதி போனது போனதுதான்.

இந்தப் பதிவு அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போன கதை. நான் பி.காம். ஆசாமி, கம்ப்யூட்டர்காரன் இல்லை. ஆனால் கணக்குப் பிள்ளைக்கும் புரிகிற சரித்திரம்தான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

* * *

முதலில் சுட்டியை ஏன் சுருக்க வேண்டும்? இடப் பற்றாக்குறைதான் காரணம். 1985-ல் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லப்ராண்ட் என்ற ஜெர்மன் பொறியாளர், மனிதர்கள் சாதாரணமாக எழுதும் வாக்கியங்களைத் தட்டச்சு செய்து எண்ணிப் பார்த்து, ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து போதும் என்று முடிவு செய்தார். (தமிழில் அனுப்பினால் 70தான். நமக்கு எப்போதுமே இடம் கம்மி :-)) மின்னஞ்சலிலும் நீளமான முகவரி இரண்டாவது வரிக்கு மடங்கி, பாதி சுட்டி அறுந்துபோகும். அந்தக் காலத்தில் இணையத்தில் இருந்தவர்களுக்கு அந்த எரிச்சல் நினைவிருக்கும். யூஆர்எல்லை நாம் 'உரல்' என்று கிண்டலாக எழுதிய காலம் அது. உண்மையிலேயே உரல் மாதிரிதான் இருக்கும், நகர்த்த முடியாது.

2002 ஜனவரியில் அமெரிக்காவில் கெவின் கில்பர்ட்சன் என்பவர் டைனியூஆர்எல் என்ற தளத்தைத் தொடங்கினார். ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டுவதில் பைத்தியமாக இருந்த மனிதர். அது சம்பந்தமான விவாதக் குழுவில் நீளமான சுட்டிகளைப் போட முடியவில்லை என்பதற்காகச் செய்த வேலை.

சூட்சுமம் எளிது. தபாலாபீசில் "வீடு மாறிவிட்டேன், கடிதங்களை இங்கே திருப்பி அனுப்பவும்" என்று எழுதிக் கொடுக்கிறோமே, அதேதான். குட்டி முகவரிக்கு வருபவரைப் பெரிய முகவரிக்குத் திருப்பிவிடும் ஒரு பதிவேடு. அதில் எத்தனை முகவரி கொள்ளும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆங்கிலச் சின்ன எழுத்து 26, பெரிய எழுத்து 26, எண்கள் 10, ஆக 62. ஆறு இடம் இருந்தால் 62-ஐ ஆறு முறை பெருக்க வேண்டும். சுமார் 5,680 கோடி. வேண்டிய அளவு.

2006-ல் ட்விட்டர் வந்தது. எஸ்எம்எஸ்ஸின் 160-ல் பயனர் பெயருக்கு 20 ஒதுக்கி, மீதி 140-ஐ நமக்குக் கொடுத்தது. சுருக்காமல் வேலை நடக்காது என்று ஆனது. முதலில் ட்விட்டர் தானாகவே டைனியூஆர்எல்லைப் பயன்படுத்தியது. 2009 மே மாதம் அதை விட்டுவிட்டு, 2008-ல் நியூயார்க்கில் தொடங்கிய பிட்.லிக்கு மாறியது. பிட்.லி சுருக்கியதோடு நிற்கவில்லை. எத்தனை பேர் தட்டினார்கள், எப்போது, எங்கிருந்து என்று எண்ணியும் காட்டியது. தபால்காரர் கடிதத்தைச் சேர்ப்பதோடு, யார் யார் பிரித்தார்கள் என்று உங்களுக்கு லெட்ஜரும் கொடுத்தால் எப்படி இருக்கும்! வியாபாரிகள் விடுவார்களா? சுட்டி பகிர்வது விளம்பரத் தொழிலாக மாறியது.

* * *

சிக்கலும் அங்கேயே தொடங்கியது. அந்தப் பதிவேடு யாருடையது?

2009 ஆகஸ்டில் டிஆர்.ஐஎம் என்ற சுருக்கி, வாங்க ஆள் இல்லை, வருமானமும் இல்லை, மூடுகிறோம் என்று அறிவித்தது. அதை நம்பிச் சுட்டி போட்டவர்களெல்லாம் அலறினார்கள். சில நாளிலேயே முடிவை மாற்றிக்கொண்டார்கள். ஆனாலும் ஊருக்கே அன்றுதான் உறைத்தது. நம் கடிதம் நம்மிடம் இருக்கிறது, விலாசம் மட்டும் அடுத்தவன் பையில் இருக்கிறது.

அடுத்தது தேசத்தின் கதை. பிட்.லியில் இருக்கும் 'லி' என்ன தெரியுமா? லிபியா. ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டெழுத்து உண்டு, நமக்கு 'இன்' மாதிரி. வார்த்தைக்குப் பொருத்தமாக இருக்கிறதே என்று எல்லோரும் லிபியாவின் எழுத்தை வாங்கினார்கள். 2010-ல் விபி.லி என்ற சின்ன சுருக்கியை லிபியப் பதிவகம் பறித்துக்கொண்டது. தளத்தில் இருப்பது எங்கள் நாட்டுச் சட்டத்துக்கு ஒத்துவரவில்லை என்பது காரணம். நடத்தியவர்கள் இருந்ததோ அமெரிக்காவில். வாடகை வீடுதான், ஆனால் வீட்டுக்காரர் யார் என்று பார்க்காமலே குடிபோனார்கள்.

* * *

இதற்கு விடையாக வந்ததுதான் சொந்தப் பெயருள்ள குட்டிச் சுட்டி. 2009 டிசம்பரில் பிட்.லி பெரிய நிறுவனங்களுக்கு ஒரு வசதி கொடுத்தது. பதிவேட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், பெயர்ப் பலகை உங்களுடையதாக இருக்கட்டும். நியூயார்க் டைம்ஸ் என்ஒய்டிஐ.எம்எஸ் ஆயிற்று. அதே மாதம் யூட்யூப், யூட்யூ.பிஇ என்று தனக்கே ஒன்று வைத்துக்கொண்டது. அமேசானுக்கு ஏஎம்இசட்என்.டிஓ. இவற்றின் வால் எழுத்துகளைப் பாருங்கள்: முறையே மான்செராட், பெல்ஜியம், டோங்கா. குடியிருப்பு வெளிநாட்டில்தான், ஆனாலும் வாசலில் சொந்தப் பெயர். தட்டுவதற்கு முன்பே யார் வீட்டுக்குப் போகிறோம் என்று தெரிந்துவிடும்.

இதைப் படிக்கும்போது எனக்கு நம் நகரத்தார் ஞாபகம் வந்தது. அவர்கள் தொழில் நடத்தும் பெயருக்கு 'விலாசம்' என்றுதான் பெயர். குடும்பப் பெயர்களின் முதல் எழுத்துகளைக் கோத்த குறி. எம்.சிடி.எம். என்பது அப்படி ஒரு விலாசம். அந்த வீட்டு சிதம்பரம் செட்டியார்தான் 1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். அந்த எழுத்துகளைப் பார்த்தே பர்மாவிலும் மலேயாவிலும் உண்டியலுக்குப் பணம் கொடுத்தார்கள். காகிதம் ஒன்றுதான், மதிப்பு விலாசத்துக்கு. முகவரிக்கும் அதே சொல்லை வைத்த தமிழன் புத்திசாலி.

* * *

பிறகு ஒவ்வொரு சமூகத் தளமும் தன் வழியில் போயிற்று. இங்கேதான் பகிர்கிறவர்கள் தடுமாறுகிறோம்.

ட்விட்டர் 2010-ல் டி.சிஓ என்று தானே ஒரு சுருக்கியை அறிவித்து, 2011-ல் எல்லாச் சுட்டிகளையும் அதற்குள் போட்டுவிட்டது. நீங்கள் எவ்வளவு சுருக்கினாலும் அங்கே 23 எழுத்துதான் கணக்கு. 2017-ல் 140, 280 ஆனது. ஆக, இடத்துக்காகச் சுருக்க வேண்டிய காரணமே போய்விட்டது. (2023-ல் ட்விட்டர் என்ற பெயரும் போய் எக்ஸ் ஆகிவிட்டது.) ஃபேஸ்புக் 2010-ல் கொண்டுவந்த ஓப்பன் கிராஃப் ஏற்பாட்டால் சுட்டியோடு படமும் தலைப்பும் பெட்டியாக வருகின்றன. வாட்ஸ்அப்பிலும் அந்தப் பெட்டி உண்டு. இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே எழுதும் சுட்டியைத் தட்டவே முடியாது. அதற்காகவே, முகப்பில் போடும் ஒரே சுட்டிக்குள் பல சுட்டிகளை அடுக்கித் தரும் லிங்க்ட்ரீ 2016-ல் மெல்போர்னில் முளைத்தது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? சுருக்கம் இன்று முக்கியமில்லை, பெயர்தான் முக்கியம். ஆனால் பழக்கம் போகவில்லை. சுருக்கத்துக்காக வந்த குப்பை எழுத்துகளை, தேவை போன பிறகும் நிறுவனங்கள் விடவில்லை. எண்ணிக் காட்டுகிற லெட்ஜர் ஆசைதான் காரணம். பெயரில்லாத சுட்டியைத் தட்டலாம் என்று அண்ணாச்சியைப் பழக்கியது திருடன் இல்லை, நாங்கள்தான். திருடன் நாங்கள் போட்ட ரோட்டில் வண்டி ஓட்டினான்.

பெரிய இடத்துப் பிள்ளையென்றால் நிலைக்குமா? அதுவும் இல்லை. கூகுளே 2009-ல் கூ.ஜிஎல் தொடங்கியது (ஜிஎல் கிரீன்லாந்து). 2018-ல் நிறுத்தப் போவதாகச் சொல்லி, 2019-ல் புதுச் சுட்டி கொடுப்பதை நிறுத்தியது. 2025 ஆகஸ்ட் 25-க்குப் பிறகு பழைய சுட்டிகளும் வேலை செய்யாது என்று 2024-ல் அறிவித்தது. எதிர்ப்பு வந்ததும், பயன்பாட்டில் இருப்பவை மட்டும் தொடரும் என்று கடைசி நேரத்தில் தளர்த்தியது. யாரும் தட்டாமல் கிடந்தவை போயின. இப்படிப் போகப் போகிறவற்றைப் படியெடுத்து வைக்கவென்றே ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் கூட்டம் 2009 முதல் பாடுபடுகிறது.

எங்களுக்கும் ஒரு அடி. 2016 பொங்கல் மலரில், பழைய உறுப்பினர்களின் குடும்பப் படங்கள் இருந்த பக்கத்துக்கு ஒரு இலவசச் சுருக்கியில் சுட்டி செய்து அச்சடித்தோம். யோசனை என்னுடையதுதான். ஐந்து வருஷம் கழித்து ஒரு அம்மா, இறந்துபோன கணவரின் படத்தைப் பார்க்க அதைத் தட்டியபோது ஏதோ சூதாட்ட விளம்பரம் திறந்தது. சுருக்கி கைமாறிவிட்டதாம். படங்கள் பத்திரமாக இருந்தன, வேறு வழியில் எடுத்துக் கொடுத்தேன். ஆனால் அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

* * *

நம் நாட்டில் சட்டம் தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. 2024 அக்டோபர் 1 முதல், முன்கூட்டியே பதிவு செய்யாத சுட்டி உள்ள வணிக எஸ்எம்எஸ்களைத் தொலைபேசி நிறுவனங்கள் தடுக்க வேண்டும் என்று டிராய் உத்தரவிட்டது. 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்கென்றே 'பேங்க்.இன்' என்ற வாலை அறிவித்தது. 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் மாற வேண்டும் என்றது. ஹைதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி மட்டுமே அதைக் கொடுக்க முடியும், அதுவும் வங்கிகளுக்கு மட்டும். நூறு வருஷத்துக்கு முந்தைய விலாசம் திரும்பி வந்த மாதிரி எனக்குத் தோன்றியது.

ஒன்றை மட்டும் வீட்டில் பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். 'பேங்க்' என்ற சொல்லுக்கு முன்னால் புள்ளி இருக்க வேண்டும். 'ஏதோ.பேங்க்.இன்' சரி. 'ஏதோபேங்க்.இன்' யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடியது. முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோடு வரும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து பின்னோக்கிப் படியுங்கள். அதுதான் வீட்டுக்காரர் பெயர். வாட்ஸ்அப்பில் வருவதற்கு டிராய் காவல் கிடையாது என்பதையும் சொல்லுங்கள்.

எங்கள் சங்கமும் திருந்தியது. சொந்தமாக ஒரு '.இன்' பெயர் வாங்கினோம். "வருஷா வருஷம் இதுக்குச் செலவா?" என்று பொருளாளர் முனகினார். மலர் அச்சடிக்கும் செலவில் அது தூசு. இப்போது பொங்கல் என்றால் சங்கத்தின் பெயர், சாய்கோடு, 'பொங்கல்'. போனில் வாயால் சொன்னாலும் புரியும். வாட்ஸ்அப்புக்கு ஒன்று, ஃபேஸ்புக்குக்கு ஒன்று என்று வால் மட்டும் மாற்றுகிறோம். எங்கிருந்து ஆள் வருகிறது என்று லெட்ஜரும் கிடைக்கிறது, பெயரும் மாறுவதில்லை. உள்ளே பக்கம் இடம் மாறினால் பதிவேட்டைத் திருத்துகிறோம், அச்சடித்த சுட்டி சாவதில்லை. புதுப்பிக்கும் தேதி இரண்டு பேர் காலண்டரில் இருக்கிறது. அதை மறந்தால் எல்லாம் வீண்.

போன வாரம் அண்ணாச்சியிடம் இதையெல்லாம் சொன்னேன். புள்ளியை மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "இத முன்னாடியே செஞ்சிருந்தா என் ரூவா இருந்திருக்கும்லா தம்பி" என்றார்.

இருந்திருக்கும், அண்ணாச்சி.