தரமணியில் இழுத்துப் பார்த்த இழை: கப்ரு கணினியின் கதை

இந்த எபிசோடை ஒரு கூட்டல் கணக்குலேர்ந்து ஆரம்பிப்போம். ஒரு புரோட்டானோட நிறை, இயற்பியல்காரங்க அலகுல சுமார் 938 எம்.இ.வி. அதுக்குள்ள மூணு குவார்க் இருக்கு. அந்த மூணோட நிறையையும் கூட்டினா 9 எம்.இ.வி. பக்கம்தான் வருது, அதாவது நூத்துல ஒரு பங்கு. மீதி 99 பங்கு, குவார்க்குகளோட இயக்கத்திலயும் அதுங்களைக் கட்டி வெச்சிருக்கிற புலத்திலயும் இருக்கிற ஆற்றல். எடை மெஷின்ல ஏறி நிக்கும்போது நீங்க பார்க்கிற எண், பெரும்பாலும் வலுவான அணுக்கரு விசையோட வேலை.

இந்த விசையைப் பத்தின ஒரு நுணுக்கமான கேள்விக்கு, சென்னை தரமணியில ஒரு கணினியைக் கட்டி விடை தேடினாங்க. அந்தக் கதைதான் இன்னைக்கு.

முதல்ல, கணினி எதுக்கு? இந்த விசைக்கான சமன்பாடுகள் 1973-லயே தெரிஞ்சுபோச்சு. குவார்க்குகள் ரொம்ப நெருங்கி இருக்கும்போது விசை பலவீனமாகுதுன்னு அந்த வருஷம் கிராஸ், வில்செக், பொலிட்சர் மூணு பேரும் காட்டினாங்க. அதுக்கு 2004-ல நோபல் பரிசு கிடைச்சுது. நெருக்கத்துல இருக்கும்போது காகிதத்துலயே கணக்கு போடலாம். முதல்ல ஒரு தோராயம், அதுக்கு ஒரு சின்னத் திருத்தம், அப்புறம் அதைவிடச் சின்னத் திருத்தம்னு போகும். ஆனா புரோட்டான் அளவு தூரத்துக்கு வந்தா ஒவ்வொரு திருத்தமும் முந்தினதுக்குச் சமமா நிக்கும், கணக்கு முடியவே முடியாது. இதோட ஒட்டின கணிதக் கேள்வி ஒண்ணுக்கு கிளே நிறுவனம் 2000-ல 10 லட்சம் டாலர் பரிசு அறிவிச்சுது. அதை இன்னும் யாரும் வாங்கலை.

1974-ல கென்னத் வில்சன் வேற வழி சொன்னார். அதைப் புரிஞ்சுக்க எங்க ஊர்ப் பக்கம் வாங்க. நான் சேத்தூர்க்காரன். ராஜபாளையம் பக்கத்துல சத்திரப்பட்டின்னு ஒரு ஊர் இருக்கு, பேண்டேஜ் துணிக்குப் பேர்போனது. அந்தத் துணியை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. குறுக்கும் நெடுக்குமா நூல், நடுவுல சின்னச் சின்னக் கட்டம். வில்சன் இடத்தையும் காலத்தையும் சேர்த்து இப்படி ஒரு வலையா நினைச்சார். முடிச்சுகள்ல குவார்க், முடிச்சுக்கும் முடிச்சுக்கும் நடுவுல இருக்கிற இழைகள்ல, குவார்க்குகளை ஒட்டவைக்கிற குளுவான் புலம். ஒவ்வொரு இழைக்கும் மூணுக்கு மூணு எண்கள் கொண்ட ஒரு அணி. அப்புறம் கட்டத்தை மேலும் மேலும் சின்னதாக்கிட்டே போனா நிஜ உலகத்தை நெருங்கலாம். துணிக்கு ரெண்டு திசை, இந்த வலைக்கு நாலு திசை, வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்த நாலாவது திசை கணக்கை எங்கேயோ கொண்டுபோயிடும். ஒரு பக்கத்துக்கு 40 முடிச்சுன்னு வெச்சாலே மொத்தம் 25 லட்சத்து 60 ஆயிரம் முடிச்சு, ஒரு கோடிக்கு மேல அணிகள். அந்த ஒரு கோடி அணிகளும் என்னென்ன விதமா அமையலாமோ அத்தனைக்கும் சராசரி எடுக்கணும். நேரடியா நடக்காது. அதனால சரியான விகிதத்துல சில நூறு, சில ஆயிரம் அமைப்புகளை மட்டும் எடுத்துப் பார்க்கிறாங்க. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்கிற அதே முறைதான். மைக்கேல் க்ரூட்ஸ் 1979-80 வாக்குல அமெரிக்காவோட புரூக்ஹேவன் ஆய்வகத்துல இதைக் கணினியில செஞ்சு காட்டின பிறகு, இது தனித் துறையாவே வளர்ந்துடுச்சு.

இப்போ கேள்விக்கு வருவோம். ரெண்டு குவார்க்கைப் பிரிச்சு இழுத்தா என்ன ஆகும்? காந்தத்தை இழுத்தா தூரம் கூடக்கூட விசை குறையும். இங்கே அப்படியில்ல. நடுவுல இருக்கிற புலம் பரவாம ஒரு மெல்லிய குழாயா ஒடுங்கிடும். கிணத்துல வாளி இழுக்கிற மாதிரி, எவ்வளவு தூரம் இழுத்தாலும் கனம் அதே கனம்தான். அந்தக் கனம் சுமார் 15 டன், ரெண்டு துகளுக்கு நடுவுல! அப்போ அந்தக் குழாயை ஒரு நூல் மாதிரி நடத்தலாமா?

ராஜபாளையத்து ஸ்பின்னிங் மில்லுல நூலோட தரம் பார்க்கிறவங்க, ஒரு இழைக்குள்ள எத்தனை பஞ்சு நார் இருக்குன்னு எண்ண மாட்டாங்க. கவுண்ட் என்ன, எவ்வளவு பலம் தாங்கும், இது ரெண்டும் போதும். உள்ளே இருக்கிற சிக்கலை விட்டுட்டு, அந்த அளவுல முக்கியமான சில எண்களை மட்டும் வெச்சு எழுதுற கோட்பாட்டைத்தான் இயற்பியல்ல செயலுறு கோட்பாடுன்னு சொல்றாங்க. கோடிங் பண்றவங்களுக்கு இது பழகின விஷயம். கீழ் அடுக்கு எப்படி எழுதியிருக்குன்னு தெரியாமலே ஏ.பி.ஐ.யைக் கூப்பிடுறோமே, கிட்டத்தட்ட அது.

1970 வாக்குல நம்புவும் கோட்டோவும் இப்படி ஒரு இழைக்கான சமன்பாட்டை எழுதினாங்க. இதுதான் வன்விசையோட அடிப்படைக் கோட்பாடுன்னு அப்போ பலர் நம்பினாங்க. 1973-க்கு அப்புறம் அந்த நம்பிக்கை போச்சு, ஆனா இழை போகலை. 1980-81-ல லூஷரும் கூட்டாளிகளும் ஒரு அழகான விஷயத்தைக் கண்டுபிடிச்சாங்க. எந்த இழையா இருந்தாலும் குவாண்டம் விதிப்படி அது சும்மா இருக்காது, அதிர்ந்துகிட்டே இருக்கும். அந்த அதிர்வு, குவார்க் ஜோடியோட ஆற்றல்ல ஒரு சின்னத் திருத்தத்தைக் கொண்டுவரும். தூரம் கூடினா அது குறையும், அதோட கெழு பை வகுத்தல் 12, அதாவது சுமார் 0.2618. இழை எதனால ஆனதுங்கிறதே இந்த எண்ணுக்குத் தேவையில்லை. இழை பக்கவாட்டில ரெண்டு திசையில அதிரலாம்ங்கிறது மட்டும் போதும். சரி, வன்விசையோட குழாய் உண்மையிலயே இப்படித்தான் நடந்துக்குதா?

இங்கேதான் தரமணி வருது. கணித அறிவியல் நிறுவனம், 1962-ல அல்லாடி ராமகிருஷ்ணன் தொடங்கினது. அங்கே 2004-ல என்.டி. ஹரி தாஸ் தலைமையில ஒரு கணினி எழுந்துது. பேரு கப்ரு, கஞ்சன்ஜங்கா பக்கத்துல இருக்கிற ஒரு சிகரத்தோட பேரு. உள்ளே மாயம் ஒண்ணுமில்ல. 144 லினக்ஸ் பெட்டி, பெட்டிக்கு ரெண்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் ஸியான் ப்ராசஸர். அந்தக் காலத்து ஆபீஸ் சர்வர் ரூம்ல இருந்த அதே சரக்கு.

மூளை இணைப்புல இருந்துது. 144 பெட்டியையும் நடுவுல ஒரு ஸ்விட்ச் வெச்சு கட்டாம, மூணு திசையிலும் வளையம் வளையமா, 6-க்கு 6-க்கு 4-ன்னு கோர்த்தாங்க. ஏன்? வலையில ஒரு முடிச்சுக்குப் பக்கத்து முடிச்சு மட்டும்தான் முக்கியம். வலையை வெட்டி பெட்டிகளுக்குப் பங்கு போட்டா, ஒவ்வொரு பெட்டியும் ஓரத்துத் தகவலைப் பக்கத்துப் பெட்டிக்கு மட்டும் அனுப்பினா போதும். கணக்கோட வடிவத்துலயே கம்பியையும் இழுத்துட்டாங்க. சோதனையில வேகம் நொடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்கைத் தொட்டுது. உலகத்தோட முதல் 500 கணினிகள் பட்டியல்லயும் கப்ரு இடம்பிடிச்சுது.

வேகம் மட்டும் போதாது. குவார்க்குகளைத் தூரமாக்க ஆக்க, நமக்கு வேண்டிய சிக்னல் படுவேகமா சிறுத்துப்போகும், இரைச்சல் அப்படியே இருக்கும். ஒரு சோறு பதம் பார்த்தது போய், லட்சம் பானையை வடிச்சாலும் பத்தாதுங்கிற நிலை. இதுக்கு லூஷரும் வைஸும் 2001-ல ஒரு அல்காரிதம் கொடுத்திருந்தாங்க. காலத் திசையில வலையைத் துண்டு துண்டா வெட்டி, எல்லைகளை உறைய வெச்சு, ஒவ்வொரு துண்டுக்குள்ளயும் தனித்தனியா சராசரி எடுத்துப் பெருக்கணும். சின்னச் சின்னத் துண்டுலயே இரைச்சல் அடங்கிடும்.

அந்த முறையைக் கையில எடுத்து ஹரி தாஸும் புஷன் மஜும்தாரும் 2006-ல முடிவை வெளியிட்டாங்க. குவார்க்குகளுக்கு நடுவுல 0.3-லேர்ந்து 1.2 ஃபெர்மி வரைக்கும் தூரம். ஒரு ஃபெர்மிங்கிறது ஒரு மீட்டரைக் கோடி கோடியா வெட்டி, அதுல ஒண்ணை இன்னும் பத்தா வெட்டினா வர்ற துண்டு. வெவ்வேறு இழைக் கோட்பாடுகளைப் பிரிச்சுக் காட்டுற அளவுக்கு அவங்க கணக்கு துல்லியமா வந்துது, தராசு நம்பு-கோட்டோ இழையோட பக்கம் சாய்ஞ்சுது. அடிப்படைக் கோட்பாடா தோத்துப்போன அதே சமன்பாடு, செயலுறு கோட்பாடா திரும்பி வந்து ஜெயிச்சுது. ஏன் அப்படிங்கிறதும் பின்னாடி தெளிவாச்சு: சார்பியலோட சமச்சீரே, இழையோட முதல் சில திருத்தங்களை வேற மாதிரி இருக்க விடாது.

ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லணும். அந்தக் கணக்குல ரெண்டு முனையிலயும் அசையாத குவார்க். நடுவுல வெறும் குளுவான். நிஜ உலகத்துல இலேசான குவார்க்குகளும் உண்டு, அதனால இழுத்துட்டே போனா இழை அறுந்துடும். மில்லுல நூல் அறுந்தா ஆள் வந்து முடிச்சுப் போடணும். இங்கே அறுந்த ஆற்றலே புதுசா ஒரு குவார்க் ஜோடியா மாறி, ரெண்டு முனையையும் மூடிடும். தனிக் குவார்க்கை யாராலயும் பார்க்க முடியாததுக்குக் காரணம் இதுதான். அதையும் சேர்த்துக் கணக்கு போட இன்னும் பல மடங்கு பெரிய கணினி வேணும். தரமணிக்காரங்க தங்ககிட்ட இருந்த கணினியோட பலம் தெரிஞ்சு, அது முழுசா பதில் சொல்லக்கூடிய கேள்வியை எடுத்துக்கிட்டாங்க.

பட்டியல்ல இருந்த இடம் சீக்கிரமே போச்சு. இன்னைக்கு டேட்டா சென்டர்ல இருக்கிற ஒரே ஒரு ஜிபியு கார்டு, மொத்த கப்ருவையும் பல மடங்கு தாண்டிடும். ஆனா 2006-ல வந்த அந்தப் பதிலை இழைக் கோட்பாட்டுக்காரங்க அதுக்கு அப்புறமும் எடுத்துப் பார்த்தாங்க. எத்தனை ஜிபியு வாங்கப்போறோம்னு தினம் ஒரு அறிவிப்பு வர்ற காலம் இது. அடுத்த தடவை அப்படி ஒண்ணைப் படிக்கும்போது, அந்த மெஷின்கிட்ட என்ன கேட்கப்போறாங்கன்னும் தேடிப் பாருங்க. கிடைச்சா எனக்கும் அனுப்புங்க, அதை வெச்சே ஒரு எபிசோட் பண்ணலாம்.