வங்கத்துத் தாயபாகமும் தமிழ்க் குடும்பங்களும்

தாயபாகம் என்ற சொல்லைக் கேட்டவுடன் தாய்வழிப் பாகம் என்றே தமிழர் செவிக்குத் தோன்றும். அவ்வாறன்று. தாயம் என்பது ஈண்டு மரபுரிமைச் சொத்தைக் குறிக்கும். நம் ஊர்களில் பங்காளிகளைத் தாயாதிகள் என வழங்குவதும் இச்சொல்லின் வழியதே. ஏறத்தாழப் பன்னிரண்டாம் நூற்றாண்டினர் எனக் கருதப்படும் சீமூதவாகனர் வடமொழியில் இயற்றிய பாகப்பிரிவினை நூலின் பெயர் இது. வங்கம் இந்நூலைப் பின்பற்றியது. தமிழகமோ, சாளுக்கிய விக்கிரமாதித்தன் காலத்து விஞ்ஞானேசுவரர் எழுதிய மிதாட்சரத்தைத் தழுவியது.

மிதாட்சரப்படி, மூதாதையர் சொத்தில் மகனுக்குப் பிறந்த கணமே பங்கு உண்டு. தாயபாகப்படி, தந்தை கண்மூடிய பின்னரே மகனுக்கு உரிமை பிறக்கும். அதுவரை தந்தை அதனை விற்கலாம், தானமளிக்கலாம், உயிலால் பிறர்க்கு வைக்கலாம். மகப்பேறின்றிக் கைம்பெண் ஆனவள் கூட்டுக் குடும்பத்திலும் கணவன் பங்கைத் தன் ஆயுள்வரை அடைந்தாள். நம்மவர் வீடுகளில் 1937-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அவளுக்குச் சீவனாம்சமே கதி.

1772-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வகுத்த திட்டம், திருமணம், வாரிசுரிமை முதலியவற்றில் இந்துக்களுக்குச் சாத்திரமும் முசுலிம்களுக்குக் குர்ஆனும் ஆளும் என்றது. கோல்புரூக் 1810-இல் இவ்விரு நூல்களின் தாயப் பகுதிகளையும் ஆங்கிலமாக்கிக் கல்கத்தாவில் வெளியிட்டார். அதன்பின் பண்டிதர் வாயிலிருந்த சாத்திரம் வெள்ளையர் மேசைப் புத்தகமாயிற்று.

தந்தைக்குத் தாயபாகம் தந்த உரிமை எத்துணைக் கூர்மையானது என்பதைத் தாகூர் குடும்பத்து வழக்கு காட்டும். பிரசன்னகுமார் தாகூரின் ஒரே மகன் ஞானேந்திரமோகன் 1851-இல் கிறித்தவரானார். சமயம் மாறியோர் வாரிசுரிமையை இழப்பதில்லை என்று 1850-ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்குக் காவலாக நின்றது. ஆயினும் தந்தை தாயபாகத்தின் துணைகொண்டு மகனை நீக்கி, அண்ணன் மகன் ஜதீந்திரமோகனுக்கும் அவர்க்குப்பின் இன்னும் பிறவாத ஆண்வழியினர்க்கும் சொத்தை உயிலெழுதி, 1868-இல் மறைந்தார். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. பிறவாதோர்க்கு ஆங்கிலப் பிரபுக்கள் பாணியில் எழுதி வைப்பது இந்துச் சட்டத்தில் செல்லாது என்றும், ஜதீந்திரமோகனுக்கு ஆயுளளவு அனுபவமே உண்டு என்றும், அவர்க்குப்பின் சொத்து மகனைச் சாரும் என்றும் 1872-இல் தீர்ப்பாயிற்று. மகன் வென்றார், ஆனால் 1890-இலேயே இறந்துபட்டார். ஜதீந்திரமோகன் 1908 வரை வாழ்ந்தார். தஞ்சையில் பிறந்திருந்தால், மூதாதையர் சொத்தளவிலேனும் அம்மகனை ஒதுக்கத் தந்தைக்கு இயலாது போயிருக்கும்.

இனி, பிழைப்பு நாடி இந்நகர் வந்து லேக் மார்க்கெட் வட்டாரத்தில் குடியமர்ந்த நம்மவர் எச்சட்டத்திற்கு உட்பட்டனர்? குடிபெயர்ந்த குடும்பம் தன் சட்டத்தையும் உடன்கொண்டு வருகிறது என்பதே நீதிமன்றங்கள் கொண்ட நெறி. அதனைக் கைவிட்டு மண்ணின் சட்டத்தை ஏற்றது என்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும். ஆகவே ஒரே தெருவில் அடுத்தடுத்த இரு இந்து வீடுகளில் இருவேறு சட்டங்கள் குடியிருந்தன.

திருமணத்திலும் அப்படியே. மாமன் மகளை மணப்பது வங்க அண்டை வீட்டாருக்கு வியப்பையும், சிலர்க்கு முகச்சுளிப்பையும் தரும். தென்னாட்டார் வழக்கமென்று பௌதாயனரே இதைக் குறித்திருக்கிறார். 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் நெருங்கிய உறவில் மணத்தைத் தடுத்தாலும், வழக்கம் இடந்தரின் அது செல்லும் என்று விலக்களித்தது. சாத்திர நூலைவிட மெய்ப்பிக்கப்பட்ட வழக்கமே வலிது என்று பிரிவி கவுன்சில் 1868-இல் உரைத்ததும் நம் இராமநாதபுரம் வழக்கில்தான் என்பதை நினைவிற்கொள்ளலாம்.

1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் வேற்றுமையை ஒழித்துவிட்டது என்று பலர் எண்ணினர். ஒழிக்கவில்லை. தாயை முன்னரே இழந்து, தந்தையும் உயிலின்றி மறைந்தபின் இரு ஆண்மக்களும் ஒரு மகளும் எஞ்சிய குடும்பம் ஒன்றைக் கொள்வோம். வங்க வீடாயின் மூதாதையர் சொத்திலும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. தமிழ் வீடாயின், முதலில் தந்தையும் இரு மகன்களும் மூன்று கூறாகப் பிரித்துக்கொண்டதாகப் பாவித்து, தந்தையின் கூற்றை மட்டுமே மூவர்க்கும் பகிர்ந்தனர். மகளுக்கு ஒன்பதில் ஒன்று. மகன் ஒவ்வொருவனுக்கும் ஒன்பதில் நான்கு. தந்தை இங்கே ஊதியத்தில் வாங்கிய வீட்டில் மூவரும் சமமே. காவிரிக்கரை நிலத்தில்தான் மகள் பின்தள்ளப்பட்டாள். நூலின் பெயரைத் தவறாகக் கேட்ட நம் செவி, பலனளவில் அவ்வளவு தவறவில்லை போலும்!

தமிழ்நாடு 1989-இல் மகளையும் பிறப்பால் பங்காளியாக்கியது. ஆயின் அதற்குமுன் மணமானவர்களை விலக்கிவிட்டது. நாடு முழுமைக்குமான திருத்தம் 2005 செப்டம்பர் 9-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அந்நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற ஐயத்தை உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் நீக்கி, வேண்டா என்றது. எனினும் 2004 டிசம்பர் 20-க்கு முன் பத்திரப்பதிவாலோ நீதிமன்ற ஆணையாலோ முடிந்துவிட்ட பிரிவினைகளை அத்திருத்தம் தொடவில்லை. அவ்வாறு பிரிந்துபோன குடும்பங்களில் மகளுக்கு அந்த ஒன்பதில் ஒன்றே நின்றது.