முதல் தடவை வந்து, அப்புறம் வராதது

சுங்குவார்சத்திரம் பக்கம் போர்டு சோதிக்கும் வேலைக்கு வந்த என் வயதுக்காரர்கள் பாலிடெக்னிக்கில் தொட்ட முதல் சிப் 8051. இன்டெல் அதை வெளியிட்டது 1980-ல். ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் நோக்கியா ஆலை வந்தது, 2014 நவம்பரில் நின்றும் போனது. ஆய்வக மேசையில் 8051 அசையவில்லை.

ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸரை வன்பொருள் இடைமறித்துக் கூப்பிடும் இன்டரப்ட் ஏற்பாடு இன்னும் பழையது. 1954-ன் டிசியாக் கணினியிலேயே இருந்தது.

இன்டரப்ட் ஒரு தடவைகூட வரவில்லையென்றால் எனக்குக் கவலையில்லை. பெரும்பாலும் மொத்த அனுமதியான ஈஏ பிட்டைப் போட்டிருக்க மாட்டார்கள். முதல் தடவை வந்துவிட்டு அப்புறம் செத்துப்போகிறதே, அதுதான் ஆளைப் படுத்தும். 8051-ல் இன்டரப்ட் ரொட்டீன் ‘ரெட்ஐ’ கட்டளையில் முடியவேண்டும். வெறும் ‘ரெட்’ போட்டாலும் புரோகிராம் ஒழுங்காகத் திரும்பிவிடும், அங்கேதான் ஏமாற்று. சிப்பின் உட்சுற்று பழைய சேவை இன்னும் நடப்பதாகவே கணக்கு வைத்திருக்கும்; அதே முன்னுரிமையில் வேறெதையும் உள்ளே விடாது. எல்இடி மினுக்கும், சீரியல் மட்டும் ஊமை. ஸ்கோப்பில் சிக்னல் அழகாகத் தெரியும், அது வேறு எரிச்சல்.

சென்னை ஐஐடியின் சக்தி சிப் 2018-ல் சண்டிகரில் 180 நானோமீட்டரில் தயாரானது, ரிஸ்க்-வி வகை. அந்த வகையில் பிளிக் என்ற கட்டுப்பாட்டுப் பகுதியிடம் இன்டரப்ட் எண்ணை வாங்கி, வேலை முடிந்ததும் அதே எண்ணைத் திரும்ப எழுதவேண்டும். எழுதாவிட்டால் அந்த இடத்திலிருந்து அடுத்தது வராது. டீபக்கரில் என் முதல் பிரேக்பாயிண்ட் அந்த வரியில்தான்.