ஏரிக்கரைக்குப் போன குடும்பங்கள்

கொடைக்கானல் ஏரி பிரகிருதியின் சிருஷ்டி என்று நம்பி அதைச் சுற்றிவரும் யாத்திரிகர்களுக்கு, மதுரை ஜில்லாக் கலெக்டராயிருந்த வீர் ஹென்றி லெவிஞ்ச் என்பவர் 1863-ஆம் ஆண்டில் சதுப்பு நிலத்தில் ஓடிய ஓடைகளைக் கரைகட்டித் தடுத்து அதை உண்டாக்கினார் என்ற செய்தி ஆச்சரியத்தையே விளைவிக்கும். மீன்களை வளர்த்ததோடு நில்லாமல், தூத்துக்குடியிலிருந்து ஒரு படகையும் அவர் அம்மலைமீது ஏற்றுவித்தாராம். சுமந்தவர்களின் தோள்களைப் பற்றிச் சரித்திரம் மௌனம் சாதிக்கிறது.

ஏரி தோன்றுவதற்கு முன்பே, 1845-இல், சமவெளியின் உஷ்ணத்துக்கும் ஜுரத்துக்கும் அஞ்சிய மதுரை அமெரிக்க மிஷனரிகள் அங்கே இரண்டு பங்களாக்களைக் கட்டியிருந்தார்கள். மோட்டார் சாலை இல்லாத அக்காலத்தில் கோடைவாசம் என்பது வீட்டையே பெயர்த்துச் செல்லும் பிரயத்தனம். 1875-இல் ரயில் வந்தபின் அம்மையநாயக்கனூரில் இறங்கி, மாட்டுவண்டியில் இரவெல்லாம் குலுங்கி மலையடிவாரத்துக் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பை அடைந்து, அதன்பின் செங்குத்தான ஒற்றையடிப் பாதையில், ஸ்திரீகளும் குழந்தைகளும் ஆட்கள் சுமந்த நாற்காலிகளிலும், புருஷர்கள் மட்டக்குதிரைகளிலோ கால்நடையாகவோ, மூட்டைகள் கூலியாட்களின் தலைகளிலுமாக ஏறிய அந்த ஊர்வலம், இன்று ஜீப்பில் கரடுமுரடான பாதையைத் தேடிப் போகிறவர்களுக்கு விநோதமாகவே படும். அக்காலத்தவர்களுக்கோ வேறு பாதையே கிடையாது.