உடுத்திவிட்டவர்கள்

என்னிடம் உதவியாளராகச் சேர வருகிற பெண்கள் முதலில் கேட்பது படிப்பைப் பற்றித்தான். "மேம், ஸ்டைலிஸ்ட் ஆகணும்னா எந்த கோர்ஸ் சேரணும்?" தரமணி நிஃப்டைக் கைகாட்டுவேன். டெல்லியில் 1986-ல் தொடங்கிய ஃபேஷன் கல்வி நிறுவனம், சென்னைக்கு வந்தது 1995-ல். நல்ல இடம். நான் அங்கே படித்தவள் அல்ல. வடபழனியில் ஒரு காஸ்ட்யூம் மாஸ்டரிடம் அயர்ன் பெட்டி பிடித்துக் கற்றவள். படிப்பைக் கேட்கிறவர்கள் யாரும் இந்தத் தொழிலின் பூர்வீகத்தைக் கேட்பதில்லை. நடிகைகளுக்கு இன்ஸ்டாகிராம் பக்கம் வந்தது, கூடவே ஸ்டைலிஸ்டும் வந்தார் என்பது அவர்கள் கணக்கு. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. எழுதிவைக்க ஆளில்லாத தொழில் இது. துணியில் நடந்த வேலை துணியோடு போய்விட்டது.

தமிழ் சினிமாவுக்கு உடை வந்தது நாடகக் கொட்டகையிலிருந்து, டிரங்குப் பெட்டியில். சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிகளில் உடைப் பெட்டி கம்பெனியின் சொத்து. ராஜபார்ட்டின் வெல்வெட் அங்கி, சம்கி வைத்த மேலாடை, கண்ணைப் பறிக்கும் ஜரிகைக் கரை எல்லாம் பார்சி நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராகக் காட்டிவிட்டுப் போன மோஸ்தர். அரிச்சந்திரனோ கோவலனோ, மேடைக்கு வந்தால் அதே வெல்வெட்தான். கம்பெனி இல்லாமல் நடிகர்களைத் தனித்தனியே அழைத்து நடத்துகிற ஸ்பெஷல் நாடகத்தில் வேறு ஏற்பாடு: நடிகர் தன் உடையைத் தானே கொண்டுவர வேண்டும். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் இன்றும் அப்படித்தான். 1931-ல் 'காளிதாஸ்' வந்தது. பேசும் படத்துக்குக் கூட்டம் சேர்ந்தது. நாடக நடிகர்கள் பாட்டோடு பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்குள் போனார்கள்.

ஸ்டூடியோக்கள் வளர்ந்தபோது தையலுக்கென்று தனி அறை வந்தது. ஜெமினியின் 'சந்திரலேகா' 1948-ல் வெளியானது. அதன் டிரம் டான்ஸைப் பார்த்திருப்பீர்கள். முரசுகளின் மேலும் கீழும் நூற்றுக்கணக்கானவர்கள். எல்லோரும் நடனத்தைப் பார்ப்பார்கள். எனக்கு ஒவ்வொரு தடவையும் தோன்றுவது, இத்தனை பேருக்கும் யார் அளவு எடுத்தார்கள் என்பதுதான். அமெரிக்காவில் ஆஸ்கர் கமிட்டி உடை வடிவமைப்பை ஒரு பிரிவாகச் சேர்த்ததும் அதே 1948-ம் ஆண்டுப் படங்களிலிருந்துதான். நம் தேசிய விருதுகள் 1954-லேயே தொடங்கிவிட்டன. உடைக்கென்று ஒரு விருது சேர்க்க 1984-ம் ஆண்டுப் படங்கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜெமினியின் மேக்கப் அறையைப் பற்றி எழுத ஓர் அசோகமித்திரன் இருந்தார். தையல் அறைக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

என் மாஸ்டர் அறுபதுகளில் சிறுவனாக ஒரு தையற்கடைக்கு வந்து, காஜா எடுத்து, பிறகு செட்டுக்குப் போனவர். கறுப்பு வெள்ளைக் காலத்தைப் பற்றி அவர் சொன்னதுதான் எனக்குக் கிடைத்த முதல் பாடம். "திரையில வெள்ளையாத் தெரியிறது வெள்ளை இல்ல பாப்பா." சுத்த வெள்ளை விளக்கொளியில் கூசும், முகத்தை விழுங்கிவிடும். அதனால் ஹீரோவின் வெள்ளை வேட்டி சட்டையை வெளிர் மஞ்சளிலோ இளநீலத்திலோ முக்கி எடுப்பார்கள். சிவப்பும் பச்சையும் படத்தில் ஏறக்குறைய ஒரே சாம்பலாக விழும். நேரில் அடித்துக்கொண்டு நிற்கிற இரண்டு நிறம், திரையில் ஒன்றோடொன்று கரைந்து, பார்டரே காணாமல் போகும். புடவையைத் தேர்ந்தெடுக்கும்போது கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்ப்பாராம். நிறம் மறைந்து வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சும். நான் இன்றும் அப்படிப் பார்க்கிறேன். கலர் மானிட்டர் வைத்துக்கொண்டு ஏன் கண்ணைச் சுருக்குகிறேன் என்று என் பெண்கள் சிரிப்பார்கள்.

1956-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தைக் கேவா கலரில் கொண்டுவந்தது. அதுவரை சாம்பலுக்குள் ஒளிந்திருந்த தப்பெல்லாம் வெளியே வந்தது. சாயம் ஒரு முழத்துக்கு ஒரு மாதிரி இருந்தால் இப்போது தெரியும். ஆனாலும் ராஜா ராணிக் கதைக்குத்தான் கலர் என்ற நினைப்பு இருந்தது. அதை உடைத்தது 1964-ல் வந்த ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'. ஈஸ்ட்மென் கலரில் ஒரு சமூகப் படம். மெரினாவிலும் ஆழியாறிலும் நடக்கிற கதை. காஞ்சனாவும் ராஜஸ்ரீயும் போட்டிருந்தது கிரீடமும் இல்லை, மார்கச்சையும் இல்லை. கடைவீதியில் வாங்கித் தைக்கக்கூடிய துணி. விமானப் பணிப்பெண்ணாக இருந்து நடிக்க வந்தவர் காஞ்சனா. அந்த உடையில் அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை. இன்றைக்கு நாங்கள் 'லுக்' என்று சொல்வதைத் தமிழில் முதலில் யோசித்த படம் அதுதான் என்று நான் அடித்துச் சொல்வேன். படத்தில் பார்த்ததைக் கேட்டு ஜனங்கள் தையற்காரரிடம் போனார்கள். எண்பதுகளில் நதியா கம்மலும் நதியா கொண்டையும் அதே வழியில் வந்தவை. பிறகு சந்திரமுகி புடவை.

டைட்டில் கார்டில் உடைக்கு ஒரு பெயர் நிலையாக வந்தது எம்.ஜி.ஆர். படங்களில். எம்.ஏ.முத்து. 'அடிமைப்பெண்', 'உலகம் சுற்றும் வாலிபன்' என்று பல படங்களில் அந்தப் பெயரைப் பார்க்கலாம். வாலிபனில் 1970 ஒசாகா எக்ஸ்போ கண்காட்சிக்குள் எடுத்த காட்சிகளைக் கவனியுங்கள். கலர் கலராகப் போகிற வெளிநாட்டுக் கூட்டத்துக்கு நடுவே எம்.ஜி.ஆர். எங்கே நிற்கிறார் என்று நீங்கள் தேட வேண்டியதே இல்லை. அது தற்செயல் அல்ல.

முத்துவைப் போலப் பெயர் வந்தவர்கள் குறைவு. என் மாஸ்டரின் பெயர் பத்துப் படத்துக்கு ஒரு படத்தில் வந்தால் அதிகம். அவர் தைத்தவையும் நிலைக்கவில்லை. ஒரு படத்து மந்திரியின் அங்கி அடுத்த படத்தில் சேனாதிபதிக்குப் போகும். கையை வெட்டி, பொத்தான் மாற்றி பேண்டு வாத்தியக்காரருக்குப் போகும். கடைசியில் ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் கூட்டத்தில் பின்வரிசைக்குப் போய் மறையும். வாடகைக்கு விடுகிற கடைக்காரருக்குத் துணி என்பது முதல். அதைப் பத்திரப்படுத்தி வைப்பது அவருக்குக் கட்டுப்படியாகாது.

பம்பாயில் கதை வேறு வாசல் வழியாகத் தொடங்கியது. பானு அத்தையா 1929-ல் கோலாப்பூரில் பிறந்தவர். அப்பா ஓவியர். மகள் பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் படித்தார். 'ஈவ்ஸ் வீக்லி' பத்திரிகைக்கு ஃபேஷன் படங்கள் வரைந்தார். அந்தப் பத்திரிகை ஆசிரியர் ஒரு துணிக்கடை திறந்து, காகிதத்தில் வரைகிற பெண்ணைத் துணியில் வெட்டச் சொன்னார். கடைக்கு நடிகைகள் வந்தார்கள். அவர்கள் பின்னாலேயே சினிமா வந்தது. 1956-ல் குரு தத் தயாரித்த 'சி.ஐ.டி.'. செங்கல்பட்டில் பிறந்த வஹீதா ரஹ்மானுக்கும் அதுதான் முதல் இந்திப் படம்.

1966-ல் வந்த 'ஆம்ரபாலி'க்காக பானு அஜந்தாவுக்கே போய்ச் சுவரோவியங்களைப் பார்த்தார். படத்தின் நாயகி நம் திருவல்லிக்கேணி வைஜெயந்திமாலா. ஓவியத்தில் இருக்கிற பெண்ணின் இடுப்புத் துணி நழுவாது, ஏனென்றால் அவள் அசைவதில்லை. வைஜெயந்திமாலா சுழன்று ஆட வேண்டும். சுற்றிக் கட்டியது போலத் தெரிய வேண்டும், ஆனால் ஆட்டத்தில் நிற்க வேண்டும். உடுத்திவிடுகிற வேலையில் இருப்பவர்கள் அந்தப் படத்தின் நடனங்களை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தால் ஒரு வருஷப் படிப்பு மிச்சம்.

பிறகு ரிச்சர்ட் அட்டன்பரோவின் 'காந்தி'. இந்த நாட்டில் ஒரு மனிதர் எடுத்த மிகப் பெரிய உடைத் தீர்மானம் மதுரை மேலமாசி வீதியில் நடந்தது. 1921 செப்டம்பர் 22, காந்தி அரையாடைக்கு மாறிய நாள். அதற்கு முன்னால் தென்னாப்பிரிக்காவில் கோட்டு சூட்டு, பிறகு ஒப்பந்தத் தொழிலாளர் உடை, பிறகு கத்தியவாரித் தலைப்பாகை என்று அவர் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தார். அரை நூற்றாண்டு காலம் திரையில் உடை வழியாகவே நகர வேண்டும். கூடவே நேரு, படேல், ஜின்னா, கஸ்தூரிபா; ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு கட்டு. இறுதி ஊர்வலக் காட்சிக்கு மட்டும் சுமார் 3 லட்சம் பேர். பிரிட்டிஷார் உடையை ஜான் மோலோ பார்த்துக்கொண்டார். இந்தியர்களை பானு பார்த்துக்கொண்டார். 1983 ஏப்ரலில் இருவருக்கும் சேர்த்து ஆஸ்கர். இந்தியர் ஒருவர் வாங்கிய முதல் ஆஸ்கர் அதுதான். நடிகருக்கு இல்லை, இயக்குநருக்கு இல்லை, துணி பார்த்தவருக்கு. எங்கள் சங்கத்துப் பெரியவர்கள் அன்றைக்கு வடபழனியில் லட்டு கொடுத்தார்கள் என்று மாஸ்டர் சொல்வார்.

விருதை விடவும் என்னை யோசிக்க வைப்பது பானு 2012-ல் செய்த காரியம். தனக்குப் பிறகு வீட்டில் அதைப் பத்திரமாக வைத்திருக்க முடியாது என்று நினைத்து, சிலையை ஆஸ்கர் அகாடமிக்கே திருப்பி அனுப்பிவிட்டார். 2020-ல் காலமானார். இந்தியாவில் அதை ஒப்படைக்க நம்பிக்கையான ஒரு இடம் அவருக்குத் தென்படவில்லை என்பது எனக்கு வலிக்கிறது.

ஸ்டைலிஸ்ட் என்ற பெயர் இங்கே புழக்கத்துக்கு வந்தது பத்திரிகைகளால். 1996-ல் 'எல்' இந்தியப் பதிப்பு வந்தது, 2007-ல் 'வோக்'. டிசைனர் உடையை உருவாக்குவார். ஸ்டைலிஸ்ட் இருப்பதிலிருந்து பொறுக்கிச் சேர்ப்பார். காஸ்ட்யூமர் அதை உடுத்திவிட்டு, துவைத்து, கஞ்சி போட்டு, கண்டினியூட்டி காப்பாற்றுவார். காகிதத்தில் இப்படி மூன்று. செட்டில் ஒரே ஆள் மூன்றையும் செய்வார், சம்பளம் ஒன்றுக்குத்தான் வரும்.

என் வேலையில் பாதி திருப்பிக் கொடுப்பது. விளம்பரத்துக்கோ அட்டைப் படத்துக்கோ போடுகிற உடை பெரும்பாலும் கடையில் கடன் வாங்கியது. சாயங்காலம் புதுசாகவே திரும்பிப் போக வேண்டும். செருப்பின் அடியில் முதலில் மாஸ்கிங் டேப் ஒட்டுவோம். குதிகால் ஓரத்தில் டேப்பை மில்லிமீட்டர் கணக்கில் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் கேமராவில் மஞ்சள் கோடு தெரியும். விலைச் சீட்டை அறுக்கக் கூடாது. உள்பக்கம் மடித்துச் சின்ன ஊக்கால் குத்திவைப்போம். கழுத்து வழியாகப் போடுகிற உடை என்றால் மாடலின் முகத்தில் மெல்லிய துணியைப் போர்த்திவிட்டுப் போடுவோம், மேக்கப் ஒட்டாமல். முன்னால் கச்சிதமாகத் தெரிகிற ரவிக்கையின் முதுகில் ஏழெட்டு கிளிப் கவ்விக்கொண்டிருக்கும். அட்டையில் பார்த்து அதே போலத் தைக்கச் சொல்கிறவர்களுக்குத் தெரியாது, அந்த ரவிக்கை யாருக்கும் பொருந்தியதே இல்லை என்று.

பழசாக்குவது இதற்கு நேர்மாறான வித்தை. டல் பண்ணுவது என்போம். டீ டிகாக்ஷனில் முக்கி, காலரையும் முழங்கையையும் உப்புத்தாளால் தேய்த்து, வெயிலில் போட்டு. பாலாவின் 'பரதேசி'க்காகப் பூர்ணிமா ராமசாமி தேசிய விருது வாங்கினார். அதில் தேயிலைத் தோட்டத்துக்கு நடந்துபோகிற ஜனங்களின் துணியைப் பாருங்கள். புதுத் துணியை அப்படி ஆக்குவதற்குப் பட்டுப்புடவை தேர்ந்தெடுப்பதைவிடப் பத்து மடங்கு பொறுமை வேண்டும். 'ஹே ராம்' படத்துக்காக சரிகா வாங்கிய விருதும் அந்த வகையைச் சேர்ந்தது. 1940-களின் கல்கத்தாவும் மதராசும் மேல்நாட்டுக் கோட்டும் ஒரே ஆள்மேல் மாறி மாறி உட்கார வேண்டும்.

மாஸ்டரின் பெட்டியில் நீள நோட்டு ஒன்று இருந்தது, மளிகைக் கடைக் கணக்கு நோட்டு மாதிரி. அதுதான் அளவு நோட்டு. பக்கத்துக்கு ஒரு ஆர்ட்டிஸ்ட். மார்பு, இடுப்பு, தோள், கை, கழுத்து, உயரம். பக்கத்திலேயே அவருடைய சுருக்கெழுத்து. ஒரு பக்கத்தில் 'இ.தோ. இறக்கம், பேடு ஒரு பக்கம்' என்று இருக்கும். அந்த நடிகரின் இடது தோள் கொஞ்சம் தாழ்ந்தது. ஒரு பக்கம் மட்டும் பேடு வைத்தால் நிமிர்ந்து தெரியும். ரசிகர்கள் கம்பீரம் என்று நினைத்தது அரை அங்குலப் பஞ்சு. ஓரத்தில் துணி ஒட்டுகள் பின் அடித்திருக்கும். சாயம் ஏற்றிய தேதியும், எந்தக் கடையில் மீட்டர் என்ன விலை என்பதும். அளவு மாறும்போது பழையதை அடிக்காமல் கீழே புதிதாக எழுதுவார். ஒரு நடிகை பிரசவத்துக்குப் பிறகு திரும்பி வந்த வருஷம் அந்த நோட்டில் இருக்கிறது.

மாஸ்டர் போன பிறகு அவர் வீட்டார் மற்ற நோட்டுகளைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டார்கள். என்னிடம் மிஞ்சியது இது ஒன்றுதான். கோடம்பாக்கத்திலும் சாலிகிராமத்திலும் பரணில் இப்படி இன்னும் எத்தனையோ இருக்கும். அப்பாவோ தாத்தாவோ காஸ்ட்யூமராக இருந்த வீடுகளில் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். எடைக்குப் போடாதீர்கள். பழைய தமிழ் நூல்களையும் சினிமாப் பாட்டுப் புத்தகங்களையும் சேர்த்துவைத்திருக்கிற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தரமணியில் இருக்கிறது. நிஃப்டும் அதே தரமணியில்தான். நோட்டை எடுத்துக்கொண்டு போய் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். கொடுக்க மனம் வராவிட்டால் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமாவது எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.