கறவை மாடு வளர்ப்பு: லாபத்தைத் தீர்மானிக்கும் கன்று ஈனும் இடைவெளி

உலகில் அதிக அளவில் பால் உற்பத்தி செய்யும் நாடாக இந்தியா 1998-ஆம் ஆண்டு முதல் இருந்து வருகிறது. 2023-24-ஆம் ஆண்டில் நாட்டின் பால் உற்பத்தி சுமார் 23.93 கோடி டன். இதில் பெரும்பகுதி பெரிய பண்ணைகளிலிருந்து வருவதில்லை. இரண்டு அல்லது மூன்று மாடுகளை வைத்திருக்கும் சிறு விவசாயிகளும் நிலமற்ற குடும்பங்களுமே இந்தப் பாலைக் கறந்து கூட்டுறவுச் சங்கங்களுக்கும் தனியாருக்கும் ஊற்றுகின்றனர்.

இரண்டு மாடுகள் உள்ள வீட்டில் ஒரு மாடு சினை பிடிக்காமல் நின்றுவிட்டால் பால் வருமானத்தில் பாதி நின்றுவிடும். தீவனச் செலவோ, மாடு வாங்கிய கடனுக்கான தவணையோ நிற்பதில்லை. ஆனால், சந்தையில் மாடு பிடிக்கும்போது நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் கறக்கும் என்பதே முதல் கேள்வியாகக் கேட்கப்படுகிறது. கன்று ஈன்று எத்தனை மாதங்களில் மீண்டும் சினை பிடித்தது என்று கேட்பவர்கள் குறைவு. கறவை மாட்டின் வரவு செலவை முடிவு செய்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்விதான்.

ஆண்டுக்கு ஒரு கன்று

பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாட்கள். எருமைக்கு சுமார் 310 நாட்கள். கன்று ஈன்ற பசு 60 முதல் 90 நாட்களுக்குள் மீண்டும் சினை பிடித்தால், ஏறத்தாழ ஓராண்டுக்கு ஒரு கன்று கிடைக்கும். சுமார் 10 மாதங்கள் கறவை, அடுத்த ஈற்றுக்கு முன் 2 மாதங்கள் ஓய்வு என்ற கணக்கு அப்போதுதான் பொருந்தும். எருமைக்கு இந்த இடைவெளி 13 முதல் 14 மாதங்கள் வரை இருக்கலாம்.

அதே பசு கன்று ஈன்று 9 மாதங்கள் கழித்தே சினை பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டு ஈற்றுகளுக்கு இடையே சுமார் 550 நாட்கள் ஆகிவிடும். முதல் கணக்கில் 6 ஆண்டுகளில் 6 ஈற்றுகள் என்றால், இரண்டாவது கணக்கில் 4 ஈற்றுகள் மட்டுமே. ஈன்ற சில வாரங்களில் உச்சத்தைத் தொடும் பாலின் அளவு பின்னர் படிப்படியாகக் குறையும் என்பதால், இழப்பு இரண்டு கன்றுகளோடு முடிவதில்லை. அதிகம் கறக்கும் காலம் இரண்டு முறை கைநழுவுகிறது.

பருவ அறிகுறிகள்

சினை பிடிக்காத பசுவுக்கு சராசரியாக 21 நாட்களுக்கு ஒருமுறை சினைப்பருவம் வரும். அது நீடிப்பது ஒரு நாளுக்கும் குறைவான நேரமே. அமைதியின்மை, அடிக்கடி கத்துதல், தீவனம் எடுப்பது குறைதல், பால் சற்றுக் குறைதல், மற்ற மாடுகள் மேலே தாவும்போது விலகாமல் நிற்றல், பிறப்புறுப்பிலிருந்து கண்ணாடி போன்ற வழுவழுப்பான திரவம் வடிதல் ஆகியவை இதன் அறிகுறிகள். இவை அதிகாலையிலும் இரவிலும் கூடுதலாகத் தெரியும். எனவே, கொட்டகையில் பகலில் மட்டும் ஆள் இருந்தால் போதாது. பெரும்பாலான வீடுகளில் சாணம் அள்ளி, தீவனம் வைத்து, பால் கறக்கும் பெண்களின் கண்ணில்தான் இந்த அறிகுறிகள் முதலில் படுகின்றன. பயிற்சி முகாம்களுக்கு ஆண்களை மட்டும் அனுப்புவதால் பயன் குறைவு.

காலையில் அறிகுறி தெரிந்தால் அன்று மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் கருவூட்டல் செய்ய வேண்டும் என்பது நடைமுறை விதி. ஒரு பருவத்தைத் தவறவிட்டால் மேலும் 3 வாரங்கள் காத்திருக்க வேண்டும். எருமைகளில், குறிப்பாகக் கோடையில், அறிகுறிகள் வெளியே தெரியாத 'ஊமைப் பருவம்' அதிகம். நிழலும், குளத்தில் புரள இடமும், அது இல்லாத இடத்தில் உடலின் மீது தண்ணீர் தெளிப்பதும் எருமைக்கு ஆடம்பரம் அல்ல, இனப்பெருக்கத்துக்கு அவசியம்.

செயற்கைமுறைக் கருவூட்டலுக்கான உறைவிந்து, மைனஸ் 196 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் திரவ நைட்ரஜனில் பாதுகாக்கப்படுகிறது. கருவூட்டல் செய்த நாள், பயன்படுத்திய காளையின் எண் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். 2 முதல் 3 மாதங்களில் கால்நடை மருத்துவரிடம் சினைப் பரிசோதனை செய்துகொள்வது மிகவும் முக்கியம். 'சினையாகத்தான் இருக்கும்' என்ற நம்பிக்கையில் அரையாண்டு கடந்துவிடுவது கிராமங்களில் சாதாரணமாக நடக்கிறது.

எந்த இனம்?

கிர், சாஹிவால், சிவப்பு சிந்தி, தார்பார்க்கர் ஆகியவை நாட்டின் சிறந்த கறவை இனங்கள். ஹரியானா, காங்க்ரேஜ், ஓங்கோல் ஆகியவை கறவைக்கும் உழவுக்கும் உதவுபவை. அம்ரித் மகால், ஹள்ளிக்கார், கில்லாரி, காங்கேயம் ஆகியவை இழுவைத் திறனுக்குப் பெயர் பெற்றவை. இவற்றிடம் அதிகப் பாலை எதிர்பார்ப்பது பொருந்தாது. எருமைகளில் முர்ரா, ஜாப்ராபாதி, மெஹ்சானா, சூர்த்தி ஆகியவை குறிப்பிடத்தக்கவை. ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பினங்கள் அதிகம் கறந்தாலும் வெப்பத்தையும் உண்ணிக் காய்ச்சல்களையும் தாங்கும் திறன் அவற்றுக்குக் குறைவு. பசுந்தீவனமும் மருத்துவ வசதியும் எளிதில் கிடைக்காத ஊரில் ஹோல்ஸ்டீன் இரத்தம் மிகுந்த பசுவை வாங்குவது பெரும்பாலும் நஷ்டத்தில் முடியும்.

2019-ஆம் ஆண்டின் 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 19.25 கோடி மாடுகளும் 10.98 கோடி எருமைகளும் இருந்தன. 2012-ஆம் ஆண்டுடன் ஒப்பிடுகையில் பசுக்கள் 18 சதவீதம் அதிகரித்திருந்தன. காளைகளும் எருதுகளும் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தன. டிராக்டர் வந்த பிறகு காளைக் கன்றுக்கு வீட்டில் வேலை இல்லை என்பதையே இந்த எண்கள் காட்டுகின்றன. கிடேரிக் கன்றுகளே அதிகம் பிறக்கும்படி பாலினம் பிரிக்கப்பட்ட உறைவிந்துக்குத் தேவை ஏற்பட்டிருப்பதும் இதனால்தான். அதே கணக்கெடுப்பில் 50 லட்சத்துக்கும் அதிகமான மாடுகள் உரிமையாளரின்றித் தெருக்களில் திரிவதாகத் தெரியவந்தது.

வாங்கும்போது, இரண்டாவது ஈற்றில் உள்ள மாட்டைத் தேர்ந்தெடுப்பது பொதுவாக நல்லது. தொடர்ந்து மூன்று வேளைகள் கண்ணெதிரே கறந்து பார்க்க வேண்டும். ஒரு வேளை கறக்காமல் விட்டு, மறுவேளை மடி நிறைந்திருப்பதைக் காட்டி விற்பது சந்தையில் பழைய தந்திரம். கன்று வீச்சு நோய், காசநோய் ஆகியவற்றுக்கான பரிசோதனை செய்த பிறகே பணம் தருவது பாதுகாப்பானது. புதிய மாட்டை 2 முதல் 3 வாரங்கள் தனியே கட்டி வைத்துக் கவனித்த பின்னரே மற்ற மாடுகளோடு சேர்க்க வேண்டும்.

தீவனம்

பால் உற்பத்திச் செலவில் 60 முதல் 70 சதவீதம் வரை தீவனத்துக்கே போகிறது. செலவைக் குறைக்கத் தீவனத்தைக் குறைப்பவர்கள் முதலில் இழப்பது பாலை; அடுத்து இழப்பது சினைப்பருவத்தை. ஈன்ற முதல் இரண்டு மாதங்களில் பசு, தின்பதைக் காட்டிலும் கூடுதலான சத்தைப் பாலில் வெளியேற்றுகிறது. அந்தக் காலத்தில் உடல் மிகவும் மெலிந்துவிட்டால் பருவத்துக்கு வருவது தள்ளிப்போகும்.

சுமார் 400 கிலோ எடையுள்ள கறவைப் பசுவுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 கிலோ பசுந்தீவனமும், 5 முதல் 6 கிலோ வைக்கோல் அல்லது தட்டையும் தேவை. உடல் பராமரிப்புக்காக ஒன்றரை முதல் 2 கிலோ அடர்தீவனம் தர வேண்டும். அதற்கு மேல், கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ வீதம் சேர்க்க வேண்டும். எருமைப் பாலில் கொழுப்பு அதிகம் என்பதால் அதற்கு 2 லிட்டருக்கு ஒரு கிலோ. நாள்தோறும் சுமார் 50 கிராம் தாது உப்புக் கலவை தருவது, சினை பிடிக்காத பல மாடுகளுக்கு ஊசிகளைவிடப் பயனுள்ளதாக அமைகிறது.

பாலில் 87 சதவீதம் தண்ணீர். இருந்தும், பல கொட்டகைகளில் மாட்டுக்கு நாளில் இரண்டு முறை மட்டுமே தண்ணீர் காட்டப்படுகிறது. எந்நேரமும் குடிக்கத் தூய நீர் இருந்தால், வேறு செலவு ஏதுமின்றியே பால் கூடக் காணலாம்.

மாட்டின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிரிகளே நார்ச்சத்தைச் செரிக்கின்றன. ஆகவே, எந்தப் புதிய தீவனத்தையும் 10 நாட்களுக்குக் குறையாமல் சிறிது சிறிதாகவே பழக்க வேண்டும். திருமண விருந்தில் மீந்த சோற்றை அன்போடு வாளியில் கொண்டுவந்து வைப்பதால் மாடுகள் இறக்கின்றன. மாவுச்சத்து திடீரென அதிகம் சேரும்போது இரைப்பையில் அமிலம் பெருகி, சில மணி நேரங்களில் மாடு விழுந்துவிடும். பனி ஈரத்தோடு கூடிய இளம் குதிரை மசால் போன்ற பயறுவகைத் தீவனத்தை அளவின்றி மேய்ந்தால் வயிறு உப்பும். வறட்சியில் வாடிய இளஞ்சோளப் பயிரில் நஞ்சு இருக்கும். பூக்கும் முன் அதை மேய விடக்கூடாது.

கன்றும் மடியும்

பிறந்த ஒரு மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் கன்றுக்குச் சீம்பால் கிடைக்க வேண்டும். முதல் நாளில் அதன் அளவு கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு. நஞ்சுக்கொடி விழும்வரை சீம்பால் தரக்கூடாது என்ற வழக்கம் பல மாநிலங்களில் இன்னும் இருக்கிறது, அது தவறானது. கன்றின் குடல், சீம்பாலில் உள்ள நோய் எதிர்ப்புப் புரதங்களை முதல் சில மணி நேரங்களில் மட்டுமே முழுமையாக உறிஞ்சும். கிடேரி நன்கு வளர்ந்தால்தான் உரிய வயதில் பருவத்துக்கு வரும். கலப்பினக் கிடேரிகள் சுமார் 250 கிலோ எடையை எட்டிய பின் கருவூட்டல் செய்யலாம்; இதில் வயதைவிட எடையே முக்கியம்.

மடியைத் தடவியதும் சுரக்கும் இயக்குநீர் சில நிமிடங்களே வேலை செய்யும் என்பதால், கறவையை 7 நிமிடங்களுக்குள் முடித்துவிட வேண்டும். கட்டை விரலை மடக்கிக் கறக்காமல் முழுக் கையால் கறக்க வேண்டும். கறந்த பின் காம்புகளைக் கிருமிநாசினியில் நனைத்து, மாடு அரை மணி நேரம் படுக்காதவாறு தீவனம் வைக்கலாம். காம்புத் துளை மூடிக்கொள்ள அவ்வளவு நேரம் ஆகும். அதற்குள் ஈரத் தரையில் படுத்தால் மடிநோய்க் கிருமிகள் நுழைந்துவிடும். மடிநோய்க்கு நுண்ணுயிர்க்கொல்லி போட்டால், மருத்துவர் சொல்லும் நாட்கள் முடியும்வரை அந்தப் பாலை விற்கவோ குடிக்கவோ கூடாது.

நோய்களும் தடுப்பூசிகளும்

மாட்டு வெக்கை எனப்படும் கொள்ளைநோய் இந்தியாவில் ஒழிக்கப்பட்டதாக 2006-இல் அங்கீகாரம் கிடைத்தது. 2011-இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. தடுப்பூசியால் என்ன முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. இப்போதைய இலக்கு கோமாரியும் கன்று வீச்சு நோயும். இவற்றுக்கான தேசியத் திட்டத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2019 செப்டம்பரில் மதுராவில் தொடங்கி வைத்தார். கோமாரித் தடுப்பூசி 6 மாதங்களுக்கு ஒருமுறை போடப்படுகிறது. கன்று வீச்சு நோய்க்கு, 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு வாழ்நாளில் ஒருமுறை மட்டும்.

கோமாரியில் இறக்கும் பெரிய மாடுகள் குறைவு என்பதால் அதை அலட்சியம் செய்கிறார்கள். பிழைத்த மாடு பழைய அளவு கறப்பதில்லை. சினை பிடிப்பதும் தள்ளிப்போகிறது. கன்று வீச்சு நோய் மனிதருக்கும் தொற்றும். நாட்கள் முதிராமல் வீசிய கன்றையோ நஞ்சுக்கொடியையோ வெறுங்கையால் தொடாமல், சுண்ணாம்பு இட்டு ஆழமாகப் புதைக்க வேண்டும்.

2019-இல் ஒடிசாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட தோல் கழலை நோய், 2022-இல் குஜராத், ராஜஸ்தான் உள்ளிட்ட மாநிலங்களில் பரவி ஒரு லட்சத்துக்கும் அதிகமான மாடுகளைக் கொன்றது. ஈ, கொசு, உண்ணி ஆகியவற்றால் பரவும் இந்த நோய்க்கு ஆட்டம்மைத் தடுப்பூசி பயன்படுத்தப்பட்டது. மழைக்கு முன் தொண்டை அடைப்பான், சப்பை நோய் ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ள வேண்டும். திடீரென இறந்த மாட்டின் மூக்கு, ஆசனவாயிலிருந்து உறையாத கரிய இரத்தம் வடிந்தால் அது அடைப்பானாக இருக்கலாம். உடலை அறுக்காமல் மருத்துவருக்குத் தகவல் தர வேண்டும்.

காது வில்லை, கடன், காப்பீடு

நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திகளை அழைக்க 1962 என்ற கட்டணமில்லா எண் நடைமுறையில் உள்ளது. விவசாயக் கடன் அட்டை வசதி 2018-19-ஆம் ஆண்டு முதல் கால்நடை வளர்ப்போருக்கும் நீட்டிக்கப்பட்டுள்ளது. தீவனம், மருத்துவம் போன்ற நடைமுறைச் செலவுகளுக்கு இதில் கடன் பெறலாம். தேசியக் கால்நடை இயக்கத்தின்கீழ் காப்பீடு செய்வோர் பிரீமியத்தில் 15 சதவீதத்தை மட்டும் செலுத்தினால் போதும் என மத்திய அரசு 2024-இல் அறிவித்தது. எஞ்சியதை மத்திய, மாநில அரசுகள் ஏற்கும்.

மாட்டின் காதில் பொருத்தப்படும் 12 இலக்க எண் கொண்ட வில்லையே தடுப்பூசி, கருவூட்டல், காப்பீடு அனைத்துக்கும் அடையாளம். வில்லை அறுந்து விழுந்துவிட்டால் உடனே மருந்தகத்தில் தெரிவித்து மாற்றிக்கொள்ள வேண்டும். மாடு இறந்தபின் காதில் வில்லை இல்லையென்றால் இழப்பீட்டுக் கோரிக்கை பெரும்பாலும் ஏற்கப்படுவதில்லை.